பிரச்சினை பறக்குற ஈயில இல்லைங்க

ராத்திரி லேப்டாப் வெளிச்சத்துல வந்து மொய்க்கிற குட்டிக் கருப்பு ஈக்களைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

எங்க வீட்டுல ஒரு வாரம் ஸ்ப்ரே அடிச்சேன். ஈ போகலை, அம்மாவுக்கு இருமல்தான் வந்துச்சு. அப்புறம்தான் பால்கனித் தொட்டியைக் கிளறினேன். பொள்ளாச்சி கோகோபீட் போட்ட தொட்டிங்க. தினமும் தண்ணி ஊத்துறதால மேலாப்புல காயவே இல்லை. முட்டை, புழு எல்லாம் அங்கதான். பறக்குற ஈ வெறும் எரர் மெசேஜ். பக் தொட்டிக்குள்ள இருக்கு.

மேல 2 அங்குலம் காயுற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. அடித்தட்டுல நிக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க. பறக்குறதைப் பிடிக்க, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒண்ணு செருகுங்க. 2016-ல பொள்ளாச்சித் தென்னையில சுருள் வெள்ளை ஈ வந்தப்போ, நம்ம வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொன்னதும் விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் பொறிதான். கண்டபடி மருந்து அடிச்சா, வெள்ளை ஈயை அழிக்கிற என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துடும்.

முட்டை ஈயாக மாற 3, 4 வாரம் ஆகும். அதனால ஒரு மாசம் விடாம செய்யுங்க. எங்க வீட்டுல இப்ப ஈ குறைஞ்சுடுச்சு. அம்மாவோட இருமலும்தான்.