தண்டுவடம் முறிந்தோரும் சிறுநீர்க் குழாயும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிறுநீரைப் பற்றிச் சபையில் பேசுவது நம்மவர்க்கு வழக்கமன்று. அந்தக் கூச்சமே பல இல்லங்களில் நோயாளியின் உயிருக்கு இடராய் முடிகிறது. நாம் மருத்துவரல்லோம், முதுகுத்தண்டு முறிந்த உறவினர் ஒருவரைப் பல ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பேணியவர் என்ற அளவிலேயே பேசத் துணிந்தோம்.

நம் முனிர்காவிலிருந்து நெல்சன் மண்டேலா சாலை வழியே சென்றால், வசந்த் குஞ்சில் இந்திய முதுகுத்தண்டுக் காய மருத்துவ மையம் இருக்கிறது. அதை நிறுவிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, 1965 மே 29 அன்று எவரெஸ்ட் சிகரத்தில் நின்றவர். அதே ஆண்டு பாகிஸ்தானுடன் நடந்த போரில் குண்டு பாய்ந்து முதுகுத்தண்டு சிதைந்தது. சிகரம் ஏறிய கால்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்தன. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அவர், அத்தகைய நிலையம் நம் நாட்டிலும் வேண்டுமென உழைத்து எழுப்பினார். 2022இல் காலமானார். நம் வேலூரிலோ, 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், நாற்காலியிலிருந்தவாறே அறுவைச் சிகிச்சை செய்து, பின்னர் மறுவாழ்வு மருத்துவத் துறையையே அங்கு வளர்த்தார்.

ஸ்டோக் மாண்டவிலில் 1944இல் டாக்டர் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்குவதற்கு முன்னர், தண்டுவடம் முறிந்தோரில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர் வழியே ஏறிய நச்சுக் கிருமிகளும்.

காரணம் எளிது. சிறுநீர்ப்பை நிறைந்தது என்ற செய்தி தண்டுவடத்தின் வழியாகவே மூளைக்குச் செல்லும். பாதை அறுந்தால் செய்தியும் இல்லை, கட்டளையும் இல்லை. பை சுருங்கும் வேளையில் வாயில் தசையும் இறுகிக்கொள்ள, அழுத்தம் மிகுந்து சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்புவதுண்டு. ஆகவேதான் குழாய் செருகுகிறார்கள். அக்குழாய் காப்பதும் உண்டு, கெடுப்பதும் உண்டு.

உள்ளே நிலையாய்த் தங்கும் குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. நீர் நிரப்பினால் நழுவாது நிற்கும். பை வரை செல்லாமல் வழியிலேயே அப்பலூனை ஊதிவிட்டால், நலமுள்ளவன் அலறுவான். உணர்வற்ற இவனோ பேசாது படுத்திருப்பான். உள்ளே கிழிந்து குருதி வரும். குழாயைத் தொடையில் ஒட்டாது தொங்கவிட்டால் நாளடைவில் அது உறுப்பையே அறுத்துவிடும். சில கிருமிகள் சிறுநீரைக் காரமாக்கி உப்புப் படியச் செய்து குழாயை அடைக்கும். பையில் கல்லும் சேரும். உடலுள் பொருத்தும் மின் கருவிகளுக்கும் ஆண்குறி உட்பொருத்திகளுக்கும் இதே கதைதான்: வலி தெரியாததால் தோலை அரித்து வெளிவரும்வரை அறியாதிருப்போரும் உண்டு, கிருமி பற்றினால் பெரும்பாலும் கருவியையே எடுத்துவிட நேரும்.

வலி பேசாத உடலில் வேறு குறிகள் பேசும். காய்ச்சல், நடுக்கம், கால்களின் இழுப்பு மிகுதல், காரணமில்லா வியர்வை இவற்றைக் கண்டால் மருத்துவரிடம் செல்க. மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ முறிந்தவர்க்குத் திடீரெனத் தலை பிளக்கும் வலியும் முகச் சிவப்பும் வந்தால், அடைபட்ட குழாயே முதற் சந்தேகம். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். படுக்க விடாது நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சிறுநீர் சற்றுக் கலங்கியவுடன் மருந்துக் கடைக்கு ஓடி ஆண்டிபயாடிக் வாங்குவோர் நம்மில் பலர். குழாய் பல நாள் உள்ளிருந்தால் கிருமி இல்லாதிருப்பது அரிது. வேறு குறி ஏதுமின்றி மருந்து தருவதால் கிருமிதான் பலம் பெறும்.

கைகள் இயங்குவோர்க்கு நல்ல வழி ஒன்றை 1972இல் மிச்சிகனிலிருந்து டாக்டர் ஜாக் லாப்பிடஸ் எழுதினார். தூய்மையாகக் கழுவிய கையால் சிறு குழாயை நாளுக்கு நாலைந்து முறை செருகி, பை காலியானதும் எடுத்துவிடுவது. அறுவைச் சிகிச்சை அறையின் கண்டிப்பு வேண்டா. சோப்பும் நீரும் போதும், நேரம் தவறக்கூடாது என்றார். ஒரே வேளையில் அரை லிட்டருக்கு மேல் தேங்க விடாமல் பார்ப்பது முறை. நம் உறவினர் முதல் வாரம் கண்ணீர் விட்டார். இரண்டாம் மாதம் தாமே செய்யக் கற்று, பக்கத்து அறைக் கதவைத் தாமே சாத்திக்கொண்டார்.

ஊர் செல்லும் அன்பர்க்கு ஒரு சொல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் கழிப்பதை எண்ணி, நோயாளிக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். வேண்டாம். பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே தாழ்ந்த இடத்தில் மாட்டி, முக்கால் நிறையுமுன் காலி செய்யுங்கள்; மாற்றுக் குழாய் ஒன்றையும் சோப்பையும் கைப்பெட்டியில் மேலாக வையுங்கள்.