பிதுக்குப் பருப்பு



மார்கழிப் பனி இறங்கியதும் பெங்களூர்ச் சந்தைகளில் பச்சைப் பட்டாணியையும் விஞ்சிக் குவிவது, நாம் மொச்சை என்னும் அவரை. மாகடிப் பக்கத்துக் காய்க்கு வாசனை மிகுதி. கன்னடர் அதனைச் 'சொகடு' என்பர்.

மாற்றலாகி இங்கு வந்த முதல் ஆண்டில், மொழியறியாது இரயில்வே குடியிருப்பில் கதவடைத்துக் கிடந்தோம். அடுத்த வீட்டு அம்மையார் ஊறவைத்த மொச்சையை முறத்தில் ஏந்தி வந்தார். விரலால் அழுத்தினால் தோல் நழுவும். பருப்பு முகத்தில் தெறிக்கும்! 'ஹிதகித பேளெ' என்றார் அவர். வேலூர்ப் பக்கத்தில் பிதுக்குப் பருப்பு என்பது இதுவே. பால் அங்கே ஹாலு ஆனதுபோலப் பிதுக்கு ஹிதகு ஆயிற்று. அன்று சிரித்துக்கொண்டே இருபது கன்னடச் சொற்கள் கற்றோம்.

தேங்காயும் கொத்துமல்லியும் அரைத்த குழம்பு கொதித்த பின்னரே பருப்பை இடுக, குழையுமுன் இறக்குக. உரித்தே விற்கிறார்கள், வேண்டாம். தை கழிந்தால் வரத்துக் குறைந்துவிடும்.