பாட்டு கேட்டா வயசு குறையுமா?

இன்னைக்கு ஒரு விசித்திரமான ஆய்வோட ஆரம்பிக்கிறேன். 2011-ல 'சைக்காலஜிக்கல் சயின்ஸ்' என்ற ஆய்விதழில் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேர். சிலருக்கு பீட்டில்ஸ் குழுவோட 'வென் ஐ'ம் சிக்ஸ்டி-ஃபோர்' பாட்டு, மத்தவங்களுக்கு 'கலிம்பா'ன்னு வேற ஒரு இசை. முடிவு என்ன தெரியுமா? பீட்டில்ஸ் கேட்டவங்களோட வயசு கிட்டத்தட்ட 1.5 வருஷம் குறைஞ்சுபோச்சு. இளமையா 'உணர்ந்தாங்க'ன்னு சொல்லல. பிறந்த தேதிப்படி, நிஜ வயசு!

சிரிப்பு வருதுல்ல? சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன்னு மூணு ஆய்வாளர்கள் வேணும்னே செஞ்ச வேலை இது. ஆனா ஒரு எண்ணைக்கூட அவங்க இட்டுக்கட்டல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

எப்படிச் செஞ்சாங்கன்னு அதே கட்டுரையில அவங்களே போட்டு உடைச்சிருக்காங்க. உண்மையில கலந்துகிட்டது 34 பேர், பாட்டு மூணு. மூணாவது பாட்டைக் கேட்டவங்களை அப்படியே விட்டுட்டாங்க. சுமார் பத்துப் பத்துப் பேரா சேர்த்து, ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. எப்போ நிறுத்தணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணல. அம்மா வயசு, அரசியல் சாய்வு, 100-க்கு வர்க்கமூலம்னு என்னென்னவோ கேட்டுட்டு, கணக்குல சேர்த்தது அப்பா வயசை மட்டும். அதை எடுத்துட்டா மொத்த முடிவும் காலி.

தெருக் கிரிக்கெட்டுல அவுட் ஆனா 'ட்ரையல் பால்', சிக்ஸ் போனா மட்டும் கணக்குல சேரும்னு சொல்ற மாதிரிதான். இதுக்குப் பேரு பி-ஹேக்கிங். இல்லாத விளைவைத் தற்செயலா 'இருக்கு'ன்னு சொல்ற வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுங்கிறது வழக்கமான வரம்பு. இப்படி நாலு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கிட்டா அது 61 சதவீதம் ஆகுதுன்னு கணினியில ஓட்டிக் காட்டினாங்க.

ஆய்வாளர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. 'ஒண்ணும் கிடைக்கல'ன்னு எழுதினா எந்த ஆய்விதழ் ஆசையா போடும்? வேலை, நிதி எல்லாமே கட்டுரையில தொங்கும்போது கை தானா அப்பா வயசைத் தேடும்.

அதனால எனக்குப் பிடிச்ச தீர்வு, வரிசையையே மாத்தினது. 2013-ல கிறிஸ் சேம்பர்ஸ் 'கார்டெக்ஸ்' இதழ்ல ஆரம்பிச்சு வச்சார். கேள்வி, முறை, எத்தனை பேர்னு டேட்டா எடுக்கிறதுக்கு முன்னாடியே அனுப்பணும். மதிப்பாய்வாளர்கள் ஓகே சொன்னா, சொன்னபடி செஞ்சு முடிக்கணும். முடிவு எப்படி வந்தாலும் பிரசுரம் உறுதி.

வித்தியாசம் எவ்வளவு? 2021-ல உளவியல் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வழக்கமான கட்டுரைகள்ல 96 சதவீதம் 'நாங்க நினைச்சது சரி'ன்னு முடிஞ்சது. முன்கூட்டியே ஒப்புதல் வாங்கினதுல வெறும் 44.

ஒரு சிக்கல் மட்டும் அப்படியே நிக்குது. டேட்டா எடுக்கத் தொடங்கும் முன்பே மதிப்பாய்வுக்காக மாசக்கணக்குல காத்திருக்கணும். நிரந்தர வேலையில இருக்கிற பேராசிரியருக்கு அது பரவாயில்ல. பிஹெச்டி மாணவருக்கோ, அந்த நேரத்துல ஃபெலோஷிப் பணம் தீர்ந்துகிட்டே இருக்கும்.