எதிர்ச்சுழலை மறுக்கும் தட்டு: மைக்ரோஸ்ட்ரிப் ஆன்டெனாவின் முனைவாக்கத் தூய்மை
(அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள். வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி ஒன்றைப் பிரித்தால், பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரப் பீங்கான் வில்லையும் அதன் மேல் ஒரு வெள்ளிப் பூச்சும் இருக்கும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் குரலைக் கேட்பது அதுதான். மின்காப்புப் பலகையின் ஒரு முகத்தில் உலோகத் தட்டும் மறுமுகத்தில் தரைத்தளமும் கொண்ட இந்த மைக்ரோஸ்ட்ரிப் ஆன்டெனாவின் கருத்தை 1953-இல் டெஷாம்ப்ஸ் முன்வைத்தார். 1970-களின் தொடக்கத்தில் ஹொவெல், மன்சன் ஆகியோர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தட்டின் தரத்தை அது எவ்வளவு வாங்குகிறது என்பதைவிட, எதை வாங்க மறுக்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

மின்காந்த அலையின் மின்புலம் எத்திசையில் அசைகிறது என்பதே முனைவாக்கம். ஒளியைப் பற்றிப் பேசும்போது பள்ளிப் பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன. மின்புலம் ஒரே கோட்டில் அசைந்தால் நேர்கோட்டு முனைவாக்கம். திருகாணியின் மரைபோலச் சுழன்றபடி முன்னேறினால் வட்ட முனைவாக்கம். அயனி மண்டலத்தைக் கடக்கும் நேர்கோட்டு அலையின் தளம் திரும்பிவிடுகிறது; அலைவெண் குறையக் குறைய இத்திருப்பம் அதன் இருமடிக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது. வாங்கும் கருவியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவேதான் ஜிபிஎஸ், நம் நாட்டின் நாவிக் ஆகிய இரண்டும் வலஞ்சுழி வட்ட முனைவாக்கத்தில் அலைகளை அனுப்புகின்றன. இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தெரிவதுபோல, சுவரிலோ உலோகக் கூரையிலோ மோதித் திரும்பும் வலஞ்சுழி அலை இடஞ்சுழியாக மாறிவிடுகிறது. தூய வலஞ்சுழி ஆன்டெனாவுக்கு அந்த எதிரொலி கேட்கவே கேட்காது.

ஆனால் முழுத் தூய்மை எந்த ஆன்டெனாவுக்கும் கிட்டுவதில்லை. சுழலும் மின்புலம் வரைவது வட்டமன்று, நீள்வட்டம். அதன் நெட்டச்சுக்கும் குற்றச்சுக்கும் உள்ள விகிதம் 3 டெசிபலுக்குள் இருந்தால் போதும் என்பது துறையின் மரபு. இந்த மரபைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். அச்சு விகிதம் 3 டெசிபல் என்றால், நேரடி அலையில் இழப்பது நூற்றில் மூன்று பங்குக்கும் குறைவு. எனவே பலரும் அத்துடன் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அதே ஆன்டெனா எதிர்ச்சுழல் அலையை வீச்சில் 17 விழுக்காடு உள்ளே விடுகிறது. அச்சு விகிதத்தை 1 டெசிபலாகக் குறைத்தால் இக்கசிவு 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. திறனில் அது முன்னதன் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். முழுமையாகப் பிரதிபலிக்கும் பரப்பிலிருந்து வரும் எதிரொலி, முதல் ஆன்டெனாவில் அலையின் கட்டத்தைக் கொண்டு அளக்கும் தொலைவை 5 மில்லிமீட்டர் வரை பிசகவைக்கும். இரண்டாவதில் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வரவைப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது; கசிவைப் பார்த்தால்தான் தெரியும்.

கசிவு எங்கிருந்து பிறக்கிறது? மலிவான தட்டில் மின்னூட்டும் புள்ளி ஒன்றுதான். சதுரத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டைச் சற்று வெட்டிவிட்டால், செங்குத்தான இரு அதிர்வுகளும் சற்றே வேறுபட்ட அலைவெண்களில் ஒத்ததிர்கின்றன. நடுவிலுள்ள ஓர் அலைவெண்ணில் ஒன்று 45 பாகை முந்தும், மற்றது 45 பாகை பிந்தும்; இடைவெளி 90 பாகையாகி வட்டம் பிறக்கும். இவ்வகைத் தட்டுகளின் வடிவமைப்பை சர்மா, குப்தா ஆகியோர் 1983-இல் முறையாகப் பகுத்தாய்ந்தார்கள். நேர்த்தியான உத்திதான், ஆனால் கயிற்றின்மேல் நடப்பதுபோன்றது. ஒத்ததிர்வின் கூர்மையைக் குறிக்கும் தரக்காரணி 100 உள்ள பீங்கான் தட்டில், அச்சு விகிதம் 3 டெசிபலுக்குள் நிற்கும் பட்டை சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. பீங்கானின் மின்காப்பு மாறிலி ஒரு விழுக்காடு பிசகினாலே ஒத்ததிர்வு 8 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். சிக்னல் வந்துகொண்டே இருக்கும். வட்டம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

மருந்து சமச்சீரில் இருக்கிறது. தட்டை நான்கு புள்ளிகளில், 0, 90, 180, 270 பாகை வரிசையில் ஊட்டினால், கட்ட வேறுபாட்டைத் தட்டின் ஒத்ததிர்வுக்குப் பதிலாக ஊட்டும் வலையமைப்பு தீர்மானிக்கிறது. எதிரெதிர்ப் புள்ளிகள் எழுப்பும் வேண்டாத உயர்நிலை அதிர்வுகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. அணியாக அமைக்கும்போது, நேர்கோட்டு முனைவாக்கமுள்ள தட்டுகளையே முறையாகச் சுழற்றி வைத்து வட்டம் பெறலாம் என்று ஜான் ஹுவாங் 1986-இல் காட்டினார். நேர்கோட்டு முனைவாக்கத் தட்டுகளிலும், தரைத்தளத்தில் திட்டமிட்டுச் செதுக்கிய குறைகளால் குறுக்கு முனைவாக்கத்தை, அதாவது வேண்டிய திசைக்குச் செங்குத்தாக எழும் புலத்தை, அடக்கலாம் என்பதைக் கொல்கத்தாவைச் சேர்ந்த தேவதோஷ் குஹாவும் உடனாய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

மறுப்புகள் உண்டு. கைபேசியில் இருப்பது பெரும்பாலும் நேர்கோட்டு ஆன்டெனாதானே, பாதித் திறனை இழந்தும் வழி காட்டுகிறதே என்பார்கள். உண்மை, தெருவைக் கண்டுபிடிக்க அது போதும். நிலத்தை அளக்கவும் ட்ரோனைத் தரையிறக்கவும் சென்டிமீட்டர் வேண்டும்போது அது போதாது. எதிரொலியை மென்பொருளே களையும் என்பது இரண்டாவது மறுப்பு. ஜிபிஎஸ்ஸின் பொதுக் குறியீட்டில் சிப் எனப்படும் ஒரு துணுக்கின் நீளம் 293 மீட்டர். நெடுந்தொலைவு சுற்றிவரும் எதிரொலியை மென்பொருள் பிரித்தெடுக்கும். பக்கத்துக் கூரையிலிருந்து ஓரிரு மீட்டர் தாமதித்து வருவதை அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது. வாசலிலேயே தடுப்பதுதான் வழி. நான்கு ஊட்டுப்புள்ளிகளுக்குச் செலவும் இடமும் கூடும் என்பது மூன்றாவது. அது நியாயமான மறுப்பு. பணியின் தேவையை வைத்துத்தான் அதற்கு விடை சொல்ல வேண்டும்.

வலுவான மறுப்பு இனிமேல்தான். அடிவானத்தை நெருங்கும் கோணங்களில் தரைத்தளம் கிடைமட்ட மின்புலத்தைக் குறுக்கிணைத்துவிடுகிறது. செங்குத்துப் புலம் மட்டும் எஞ்சுகிறது. ஊட்டு எவ்வளவு நேர்த்தியானாலும் வட்டம் சிதைகிறது. மிகத் தாழ்வான கோணத்தில் மண்ணில் பட்டுத் தெறிக்கும் அலை பெரும்பாலும் சுழற்சியை மாற்றிக்கொள்வதும் இல்லை. அங்கே முனைவாக்கம் கைகொடுக்காது. கீழ்நோக்கிய கதிர்வீச்சையே குறைக்க வேண்டும். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே இளம் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வறிக்கையில் தலைக்கு நேர்மேலே, நடு அலைவெண்ணில் எடுத்த ஒற்றை அச்சு விகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். பட்டை முழுவதற்கும், தாழ்ந்த கோணங்களுக்கும், பொருத்தப்படும் பெட்டியோடு சேர்த்தும் அளந்து எழுதுங்கள். இடஞ்சுழிக் கசிவுக்கும் ஒரு வரைபடம் போடுங்கள். அந்த வரைபடம் இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.