ஒரு சுரம் இறங்கினால்

பங்சார் சாலை நெரிசலில் நிற்பவர்களுக்கு இன்று ஒரு ராகம்.

ராஜாஜி எழுதி, கடையநல்லூர் வெங்கட்ராமன் மெட்டமைத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'குறை ஒன்றும் இல்லை' ஒலித்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில்கூடப் பேச்சு தணியும். குறையே இல்லை என்கின்றன சொற்கள். கேட்பவருக்கோ கண் கலங்குகிறது. பக்தி மட்டுமா காரணம்?

பாட்டு சிவரஞ்சனி ராகத்தில் தொடங்கி, காபி, சிந்துபைரவி என நகர்கிறது. சிவரஞ்சனிக்கு ஐந்தே சுரம்: ச ரி க ப த. மோகன ராகத்துக்கும் இதே ஐந்துதான். 'க' என்னும் காந்தாரம் மட்டும் வேறு. மோகனம் சிரித்த முகம். நம் சீன நண்பர்களின் நாட்டுப்புறப் பாடல்களிலும் அதன் சாயல் நிறையவே உண்டு. அந்தக் காந்தாரம் அரைப்படி இறங்கியதும் முகம் வாடிவிடுகிறது. வாயில் நிறைவு, சுரத்தில் ஏக்கம். இந்த முரண்தான் நெஞ்சைப் பிசைகிறது என்பேன்.

பிள்ளைகளின் கீபோர்டு வீட்டில் சும்மா கிடக்கிறதா? சி, டி, இ, ஜி, ஏ என்று வாசியுங்கள்; மோகனம். இப்போது 'இ'யை விட்டு, அதன் இடப்பக்கக் கறுப்புக் கட்டையைத் தொடுங்கள். சிவரஞ்சனி வந்துவிடும்.