வீடும் ஒரு கூட்டுக் குடும்பம்தான்!

நடுவர் அவர்களே! "ஏ.சி. வாங்கிட்டா வீடு சொர்க்கம்"னு எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போனாரு. நானும் வாங்கினேன் ஐயா, கடன் பட்டு! அப்பாவுக்கு 80 வயசு. வெக்கையில ராத்திரித் தூக்கமே இல்லை. 18 டிகிரியில வச்சேன். கரண்டு பில் ஏறுச்சு. அப்பா கையில இருந்த விசிறி இறங்கலே! (சிரிப்பு)

மெக்கானிக் தம்பி வந்து பார்த்தான். "மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். பகல் பூரா வெயில் குடிச்ச காங்கிரீட் தளம், ராத்திரி பூரா அதைக் கக்குது. அறைக் கதவு திறந்தே கிடக்கு. சமையல்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் குளிர்ந்த காத்தை இழுத்து வெளியே தள்ளுது. அந்த இடத்துக்கு வெளி வெக்கை உள்ளே வருது" என்றான்.

மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சோம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டினோம். கதவைச் சாத்தி, மின்விசிறியையும் சுத்தவிட்டு, ஏ.சி.யை 26-ல வச்சோம். அன்னைக்கு ராத்திரி அப்பா குறட்டை விட்டாரு ஐயா! அந்தச் சத்தத்துல எனக்குத்தான் தூக்கம் போச்சு. ஆனா மனசு நிறைஞ்சுது. (கைதட்டல்)

ஒருத்தன் சம்பாதிக்க, நாலு பேர் வாரி இறைச்சா குடும்பம் தேறுமா? வீடும் அப்படித்தான். கூரையும் ஜன்னலும் கதவும் காற்றும் ஒத்துழைத்தால்தான் சுகம் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.