கிண்ணத்தில் விழுந்த மரப்பட்டை

மதுக் கலவைகளுள் உலகப் புகழ் பெற்றது எது என வினவினால், ஆங்கிலப் படம் பார்க்கும் பழக்கமுடைய எவரும் ஜேம்ஸ் பொண்ட் அருந்தும் மார்ட்டினியையே கூறுவர். அதனைக் கரண்டியால் கலக்கலாகாது, குலுக்கியே தரவேண்டும் என்னும் அவனது கட்டளை 1964ஆம் ஆண்டின் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தால் ஊரெங்கும் பரவிற்று. ஆயினும் இயன் ஃபிளெமிங் 1953இல் எழுதிய முதல் நாவலான 'கசினோ ரோயல்' காட்டும் கலவை வேறு. ஜின் மூன்று பங்கு, வொட்கா ஒரு பங்கு, 'கினா லில்லே' அரைப் பங்கு. கதையில் வரும் வெஸ்பர் என்னும் பெண்ணின் பெயரையே அவன் அதற்குச் சூட்டுகிறான்.

அரைப் பங்கே சேரும் அந்தக் கினா லில்லேதான் மலைநாட்டாரின் கவனத்துக்குரியது. அது பிரான்சு நாட்டுத் திராட்சை மது. அதன் பெயரிலுள்ள 'கினா' என்பது சிங்கோனா மரப்பட்டையைக் குறிப்பது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட கொயினா மருந்து கிடைப்பதும் இப்பட்டையிலிருந்தே. 1986இல் அம்மதுவின் கசப்பைக் குறைத்து, செய்முறையையும் மாற்றிவிட்டார்கள். ஆகவே 2006ஆம் ஆண்டுப் படத்தில் பொண்ட் அக்கலவையைக் கேட்டபோது, பழைய கினா லில்லே கடைகளில் இல்லை!

நுவரெலியாவிலிருந்து வெலிமடை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள ஹக்கலைப் பூங்காவில் இன்று ரோசா மலர்களைக் கண்டு மகிழ்வோர் பலர். அப்பூங்கா 1861இல் தோன்றியது மலர்களுக்காக அன்று. சிங்கோனா நாற்றுகளை வளர்ப்பதற்காகவே. அவற்றை வாங்கி நடத் துரைமார் முதலில் தயங்கினர். கோப்பி கொழித்த காலத்தில் மருந்து மரம் யாருக்கு வேண்டும்? 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அரிக்கத் தொடங்கியதும் அத்தயக்கம் அகன்றது. 1886ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 150 இலட்சம் இறாத்தல் பட்டை இத்தீவிலிருந்து கப்பலேறியது. அளவு மிஞ்சியதால் விலை வீழ்ந்தது. சிங்கோனா நின்ற சரிவுகளில் தேயிலை ஏறியது. கொழுந்து கிள்ளும் விரல்களை யாவரும் அறிவர். அவற்றுக்கு முன்னே பட்டை உரித்த தமிழ்த் தொழிலாளரின் கைகளை நினைப்பவர் அரியர்.

பின்னர் 1934-35இல் மலேரியா இலங்கையைச் சூறையாடிற்று. உயர்ந்த மலைத் தோட்டங்களைக் குளிர் காத்தது. தாழ்ந்த பிரதேசங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஒரு காலத்தில் உலகுக்கே பட்டை அனுப்பிய தீவுக்கு, அப்போது கொயினா கடல் கடந்து வரவேண்டியிருந்தது. ஜாவாவின் தோட்டங்களே உலகச் சந்தையைத் தம் கையில் வைத்திருந்தன.

வெள்ளைத் துரைமார் கொயினா கலந்த டொனிக் நீருடன் ஜின் சேர்த்து அருந்தியதை நோய்த் தடுப்பு என்று சொல்வதுண்டு. இக்காலத்து டொனிக் நீரிலுள்ள கொயினா எந்தக் காய்ச்சலையும் தடுக்கப் போதாது. 1876இல் தோட்டத் துரைமார் நிறுவிய நுவரெலியா ஹில் கிளப் போன்ற இடங்களில், மாலைக் கிண்ணம் மருந்தாக அன்றி அந்தஸ்தின் அடையாளமாகவே விளங்கியது. சுதந்திரத்தின் பின்னரும் பல்லாண்டுகள் இந்நாட்டவர் அங்கே உறுப்பினராக இயலவில்லை.

அந்த வாழ்வைத் திரையில் காட்டியது 'எலிஃபன்ட் வோக்' என்னும் ஹொலிவூட் படம். 1953இல் இங்கே படப்பிடிப்புத் தொடங்கியபோது நாயகி விவியன் லீ; அவர் நோயுற்றதும் எலிசபெத் டெய்லர் நடித்து முடித்தார். தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் இன்றும் விவியன் லீயே தெரிகிறார். பங்களாக் கூடத்தில் துரைமார் இரவெல்லாம் குடித்து, சைக்கிள்மீதேறிப் போலோ ஆடுகின்றனர். கொழுந்து பறிப்போரோ வெறும் பின்னணிச் சித்திரம். துரை குடித்தால் அது கேளிக்கை. சம்பள நாளில் தொழிலாளி தவறணைக்குச் சென்றால் மட்டும் அது ஒழுக்கக்கேடு என்பது எவ்வகை நீதி? ஆனாலும் லயத்து அடுப்பு அணைவதற்கும், பிள்ளையின் கொப்பிக்குரிய காசு கரைவதற்கும் அந்தத் தவறணையே காரணமாவதை மறுக்க முடியாது. பங்களாவில் குடித்தவரின் அடுப்பு எதுவும் அணையவில்லை.

லயத்து மக்கள் விரும்பிப் பார்த்தவை தமிழ்ப் படங்கள். அவர்கள் போற்றிய எம்.ஜி.ஆர். 1917இல் இதே மலைநாட்டில் பிறந்தவர். திரையில் மதுவைத் தொடாத நாயகன் என்றே பெயர் பெற்றவர். அவரது நூறாவது படமாகிய 'ஒளிவிளக்கு' 1968இல் வெளிவந்தது. அதில் அவர் குடித்துத் தள்ளாடும் காட்சி ஒன்றுண்டு. உடனே அவருடைய உருவங்களே நான்காகத் தோன்றி அவரைச் சூழ்ந்து நின்று, நீ மனிதன்தானா என்று பாட்டாலே கேட்கின்றன.